கழுத்து நரம்புகளைக் காட்டும் எம்.ஆர்.ஐ.: ஒரு வரலாறு

கழுத்திலிருந்து தோள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புகளை, உடலைத் திறக்காமல் தனித்துப் பார்க்கும் முறை 1990களில்தான் உருவானது. எம்.ஆர்.ஐ. என்று மக்கள் சுருக்கமாக அழைக்கும் காந்த ஒத்ததிர்வுப் படிம முறையின் ஒரு கிளை இது. மருத்துவர்கள் இதை எம்.ஆர். நியூரோகிராஃபி என்பர். தமிழில் காந்த நரம்புப் படிமம் எனலாம். எலும்பின் படம் 1895இல் கிடைத்துவிட்டது. நரம்பின் படத்துக்கு அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பின் விலையைக் கொடுத்தவர்கள், கை செயலிழந்து, அது மீளுமா மீளாதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் இருந்த நோயாளிகள்.

இந்த வரலாறு தமிழ்நாட்டுக்கும் நெருக்கமானது. மதுரையின் கிழக்கே வண்டியூரை ஒட்டிச் செல்லும் சுற்றுச்சாலையைப் போன்ற விரைவுச் சாலைகள் இன்று எல்லா ஊர்களையும் சூழ்ந்துள்ளன. அவற்றில் பெருவாரியாக ஓடுபவை இருசக்கர வண்டிகள். வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுபவரின் தோள் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் சாயும்போது, கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலான கோணம் நொடியில் விரிகிறது. அந்த விசையைத் தாங்குவது அங்கே ஓடும் நரம்புகள்தாம். எலும்பு ஒன்றுகூட முறியாமலே ஒரு கை முழுவதும் தொங்கிப்போக இந்த ஒரு இழுப்பு போதும்.

நரம்புப் பின்னலின் அமைப்பு

கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து வலமும் இடமுமாக எட்டு இணை நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றுள் ஐந்தாவது முதல் எட்டாவது வரையிலான நான்கும், மார்புப் பகுதியின் முதல் நரம்பும் சேர்ந்து கைக்கான நரம்புப் பின்னலாகின்றன. மருத்துவ நூல்கள் இதை பிரேக்கியல் பிளெக்சஸ் என்கின்றன. ஐந்து வேர்கள் இணைந்து மூன்று தண்டுகளாகின்றன. அவை ஆறாகப் பிரிந்து, மீண்டும் மூன்று கயிறுகளாகச் சேர்ந்து, இறுதியில் ஐந்து பெரிய நரம்புகளாகக் கைக்குள் இறங்குகின்றன. கழுத்தின் பக்கவாட்டுத் தசைகளுக்கு நடுவே புகுந்து, முதல் விலா எலும்பின் மேலேறி, காறையெலும்பின் பின்னால் மறைந்து, அக்குளில் வெளிப்படுவது இதன் வழி.

காயத்தின் தன்மையைப் புரிந்துகொள்ள மதுரைச் சமவெளியின் கண்மாய்ப் பாசனம் நல்ல எடுத்துக்காட்டு. தண்டுவடத்தைக் கண்மாய் என்று கொண்டால், நரம்பு வேர் புறப்படும் இடம் மடை. நரம்பு வாய்க்கால். தசை வயல். வாய்க்கால் நடுவில் உடைந்தால் உடைந்த இடத்தைக் கட்டி நீரை மறுபடி ஓடவிடலாம். மடையே பெயர்ந்து போனால் வாய்க்காலை எவ்வளவு செப்பனிட்டும் பயனில்லை. பக்கத்து வாய்க்காலிலிருந்து நீரைத் திருப்பிவிடுவது ஒன்றே வழி.

நரம்பிலும் இப்படித்தான். வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டால் அதை வேர்ப்பெயர்ச்சி என்கிறோம். அதை மீண்டும் தண்டுவடத்தில் தைத்துக் கையை மீட்பது இன்றும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. தண்டுவடத்துக்கு வெளியே நரம்பு அறுந்திருந்தால், காலிலிருந்து எடுத்த ஓர் உணர்வு நரம்பை இடையில் வைத்துத் தைக்கலாம். நரம்பு அறாமல் இழுபட்டு மட்டும் இருந்தால், பல நேரங்களில் தானே மீளும். ஆக மூன்று காயங்களுக்கும் சிகிச்சை மூன்று வகை. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் மூன்றிலும் தெரிவது ஒரே காட்சி: உணர்வற்றுத் தொங்கும் கை.

வயலுக்கு இருக்கும் கெடு தசைக்கும் உண்டு. நரம்பின் தொடர்பை இழந்த தசை ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்களில் மீளாத நிலைக்குப் போய்விடுகிறது. தைத்த நரம்பு வளரும் வேகமோ நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கழுத்திலிருந்து உள்ளங்கை வரை 60 முதல் 70 சென்டிமீட்டர். அதாவது கழுத்தில் தைத்த நரம்பு உள்ளங்கையை எட்ட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் அங்குள்ள சிறு தசைகள் காய்ந்துவிடும். அதனால்தான் அறுவை மருத்துவர்கள் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் முடிவெடுக்க விரும்புகிறார்கள். நரம்பின் படத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏன் வந்தது என்பதற்கான விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

படங்களுக்கு முந்தைய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் நரம்பைப் பார்க்காமலேயே காயத்தின் இடத்தை ஊகித்தனர். பிரசவத்தின்போது தோள் இழுபட்டுக் கை செயலிழந்த குழந்தைகளைப் பற்றி பிரான்சின் டுஷேன் 1872இல் எழுதினார். செயலிழக்கும் தசைகளின் தொகுப்பைக் கொண்டு காயம் மேல் வேர்களில் இருப்பதை ஜெர்மனியின் எர்ப் 1874இல் காட்டினார். கீழ் வேர்கள் சேதமானால் கையோடு கண்ணும் பாதிக்கப்படுவதை 1885இல் பாரிசில் விளக்கியவர் ஆகஸ்டா கிளம்ப்கே. அந்தப் பக்கத்துக் கண்மணி சுருங்கி இமை சற்றே தாழ்ந்திருந்தால், முதல் மார்பு வேர் பெயர்ந்திருக்கலாம் என்ற ஐயம் இன்றும் மருத்துவருக்கு எழுகிறது.

தமிழ்நாட்டு மருத்துவத்தில் கழுத்து நரம்பை அறிந்த இன்னொரு வழியும் இருந்தது. அது தொழுநோய் மருத்துவம். தொழுநோய்க் கிருமி புற நரம்புகளைத் தாக்கித் தடிக்கச் செய்யும். காதுக்குக் கீழே, கழுத்தின் பெரிய பக்கத்தசையின் மேல் ஏறிச் செல்லும் பெரிய செவி நரம்பு அவ்வாறு தடிக்கும் நரம்புகளுள் ஒன்று. நோயாளியின் தலையை எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னால், தடித்த நரம்பு தோலுக்கடியில் கயிறுபோல் எழுந்து நிற்கும். விரலால் தொட்டு உருட்டியும் பார்க்கலாம். உடலைத் திறக்காமல் வெறும் கண்ணால் காணக்கூடிய அரிய நரம்பு இது. தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் இதைக் கற்றுவந்தனர்.

இத்துறையில் தமிழ் மண்ணோடு பிணைந்த பெயர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் அவர். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதாக அன்று நம்பப்பட்டது. நரம்பு செயலிழந்து வலி உணர்வு போனதால் அறியாமல் படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். செயலிழந்த தசைக்குப் பதிலாக நல்ல தசையின் தசைநாணை மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன கைகளைத் திறக்கவும் செய்தார். இறந்தவர்களின் நரம்புகளை நெடுகத் திறந்து ஆராய்ந்தபோது, முழங்கை, மணிக்கட்டு போல நரம்பு தோலுக்கு அருகில் வரும் குளிர்ந்த இடங்களிலேயே வீக்கம் மிகுதி என்றும் கண்டார். நரம்பு எங்கே நோயுற்றிருக்கிறது என்பதை அன்று முழுமையாக அறிய, நோயாளி இறந்த பின்புதான் முடிந்தது.

பின்னலைத் தாக்கும் ஆழ்ந்த காயங்களுக்கோ விரலும் போதவில்லை. காறையெலும்புக்குப் பின்னால் மறைந்த நரம்பைத் தொட்டறிய முடியாது. கத்தியால் திறந்து பார்ப்பதே வழி. 1900இல் இங்கிலாந்தின் தோர்பர்ன் பின்னல் நரம்பைத் தைத்த அறுவையை வெளியிட்டார். ஆனால் விளைவுகள் ஊக்கம் தரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்கூட, முற்றிலும் செயலிழந்த கையை முழங்கைக்கு மேலே துண்டித்து, தோள் மூட்டை இறுக்கி, செயற்கைக் கை பொருத்துவது ஏற்கத்தக்க சிகிச்சையாகவே இருந்தது.

சாயம் செலுத்திய படங்கள்

எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. எனவே நரம்பைச் சுற்றியுள்ள வெளியை நிறமூட்டிப் பார்க்கும் வழி தேடப்பட்டது. 1921இல் பிரான்சின் சிக்கார், ஃபாரெஸ்தியே இருவரும் அயோடின் கலந்த எண்ணெயைத் தண்டுவட உறைக்குள் செலுத்திப் படமெடுக்கும் மயலோகிராஃபி முறைக்கு வித்திட்டனர். 1947இல் அமெரிக்காவின் மர்ஃபி, ஹார்டங், கிர்க்லின் ஆகிய மூவர் இம்முறையை நரம்புப் பின்னல் காயத்துக்குப் பயன்படுத்தினர். வேர் பெயர்ந்த இடத்தில் உறை கிழிந்து, சாயம் வெளியே கசிந்து ஒரு பைபோல் தேங்குவதை அவர்கள் கண்டனர். பெயர்ந்த மடைக்குப் பக்கத்தில் நீர் தேங்கி நிற்பதைப் போன்றது அது. உயிருள்ள நோயாளியில் வேர்ப்பெயர்ச்சியைக் காட்டிய முதல் படச்சான்று என்று அந்தத் தேங்கலைச் சொல்லலாம்.

1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைத் துறைகளைத் தொடங்கினர். அந்தத் தலைமுறை மருத்துவர்களின் கையில் இருந்த கருவி இந்தச் சாயப் படமே. முதுகில் ஊசி ஏற்ற வேண்டும். எண்ணெய்ச் சாயம் உறைக்குள் தங்கி எரிச்சல் உண்டாக்கக்கூடும். படமெடுத்தபின் கடும் தலைவலி வரும். காயத்தின் இரத்தக் கசிவு அடங்கும்வரை சில வாரங்கள் காத்திருக்கவும் வேண்டும்.

1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1970களில் நீரில் கரையும் சாயங்களும் வந்தன. இரண்டும் சேர்ந்த சி.டி. மயலோகிராஃபி, வேர்களை மில்லிமீட்டர் அளவில் காட்டியது. நெடுங்காலம் அதுவே உரைகல்லாக இருந்தது. ஆனால் சாயம் தண்டுவட உறையோடு நின்றுவிடும். உறையைத் தாண்டிய நரம்பு, அதாவது பின்னலின் பெரும்பகுதி, இருளிலேயே இருந்தது. மடை தெரிந்தது, வாய்க்கால் தெரியவில்லை.

காந்தமும் நீரும்

காந்தப் புலத்தில் வைத்த அணுக்கரு, ஏற்ற அலைவெண் கொண்ட வானொலி அலையை ஏற்றுத் திருப்பி அனுப்பும் என்பதை 1946இல் அமெரிக்காவில் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் இருவரும் தனித்தனியே காட்டினர். 1952இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவும் இத்துறையில் தொடக்கத்திலேயே இருந்தது. ஓடும் நீர்மத்தில் இந்த ஒத்ததிர்வு எவ்வாறு மாறுகிறது என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன் 1951இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் பதிவு செய்தார். ஓடும் இரத்தத்தையும் ஓடாத நரம்பையும் படத்தில் பிரித்தறியும் இன்றைய முறைகளுக்கு அடிப்படையான நிகழ்வு அது.

1973இல் பால் லாட்டர்பர், காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றுவதன் மூலம் இந்தச் சைகையிலிருந்து படத்தை உருவாக்கலாம் என்று காட்டினார். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை விரைவாகச் செய்யும் வழிகளை வகுத்தார். இருவரும் 2003இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

உடலில் இதற்குப் பயன்படுவது ஐதரசன் அணுவின் கரு. நீரிலும் கொழுப்பிலும் அது நிறைந்திருக்கிறது. இன்று மருத்துவமனைகளில் மிகுதியாக உள்ள 1.5 டெஸ்லா கருவியின் காந்தப் புலம், புவியின் காந்தப் புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையானது. அந்தப் புலத்தில் ஐதரசன் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் பதில் சொல்லும். 3 டெஸ்லா கருவியில் அது இரட்டிப்பாகும். எக்ஸ் கதிர் இல்லை, முதுகில் ஊசி இல்லை.

1980களில் டெல்லியில் உள்ள பாதுகாப்புத் துறையின் அணு மருத்துவ ஆய்வகமான இன்மாசில் எம்.ஆர்.ஐ. கருவி நிறுவப்பட்டு, இந்தியாவில் இம்முறை தொடங்கியது. அதன்பின் பெருநகர மருத்துவமனைகளுக்கும் மாவட்டத் தலைநகரங்களுக்கும் அது படிப்படியாகப் பரவியது.

நரம்பைத் தனித்து ஒளிரச் செய்தல்

எம்.ஆர்.ஐ. வந்த உடனே கழுத்து நரம்புகள் தெரிந்துவிடவில்லை. 1987இல் பிளேர் என்பவரும் அவருடைய குழுவினரும் நலமான மனிதர்களின் நரம்புப் பின்னலை எம்.ஆர்.ஐ. படங்களில் அடையாளம் காட்டினர். ஆனால் அவற்றில் நரம்பு, கொழுப்புக்கு நடுவே ஒரு சாம்பல் நிறக் கோடு. அருகிலுள்ள இரத்தக் குழாயும் தசை நாரும் ஏறக்குறைய அதே நிறம். உடற்கூறு தெரிந்த கண்ணுக்கு மட்டுமே அது நரம்பு.

திருப்பம் 1992இல் வந்தது. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக் கல்லூரியில் ஃபிராங்க்ளின் ஹோ, ஏரன் ஃபில்லர், பெல், கிரிஃபித்ஸ் ஆகியோர் முயலின் முன்னங்காலைப் படமெடுத்து, நரம்பு மட்டும் தனித்துத் தெரியும் முறையை வெளியிட்டனர். 1993இல் ஃபில்லரும் அமெரிக்காவின் சியாட்டில் குழுவினரும் சேர்ந்து, மனித நரம்புகளின் அத்தகைய படங்களை லான்செட் இதழில் வெளியிட்டனர். காந்த நரம்புப் படிமம் என்ற தனித்துறை தொடங்கியது இங்கேதான்.

அவர்கள் கையாண்ட எண்ணம் எளியது. நரம்பைப் பிரகாசமாக்குவதைவிட, அதைச் சுற்றியுள்ளவற்றை இருளாக்குவது முதல் வேலை. நரம்பு கொழுப்புக்குள் பொதிந்திருக்கிறது. கொழுப்பின் ஐதரசன், நீரின் ஐதரசனைவிடச் சற்றே வேறான அலைவெண்ணில் பதில் சொல்லும். அதை மட்டும் தேர்ந்து அடக்கிவிட்டால் கொழுப்பு கருமையாகும். தசையின் சைகை விரைவில் அடங்கிவிடும். நரம்பு நாரிழைகளுக்கு இடையேயுள்ள நீரின் சைகையோ நெடுநேரம் நீடிக்கும். எனவே சற்றுத் தாமதித்துச் சைகையைக் கேட்டால், தசை மங்கி நரம்பு எஞ்சும். மேலும் நரம்புக்குள் உள்ள நீர் நாரிழைகளின் நெடுக்கில் எளிதாகவும் குறுக்கில் தடைபட்டும் பரவுகிறது. இந்தப் பரவல் வேறுபாட்டையும் அளந்தால் நரம்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் தெரியும். 1994இல் பீட்டர் பாசர் குழுவினர் இந்தப் பரவலைக் கணித வடிவில் அளக்கும் முறையைத் தந்தனர். 2008இல் ஜப்பானின் தகஹாரா குழுவினர், பரவலை அளக்கும் படங்களில் நரம்புப் பின்னல் முழுவதையும் ஒரே காட்சியில் காட்ட இயலும் என்று வெளியிட்டனர். நோயுற்ற நரம்பில் நீர் கூடும். அதனால் அது தடித்து, நலமான நரம்பைவிடப் பளிச்சென்று தெரியும்.

கழுத்து ஏன் கடினமான இடம்?

முழங்காலைப் படமெடுப்பதும் கழுத்தைப் படமெடுப்பதும் ஒன்றல்ல. தலை அகன்றது, கழுத்து குறுகியது, தோள் மீண்டும் அகன்றது. கீழே காற்று நிறைந்த நுரையீரல் உச்சி. இந்த மேடுபள்ளம் காந்தப் புலத்தைச் சீரற்றதாக்குகிறது. புலம் சீரற்றுப் போனால் கொழுப்பும் நீரும் தம் அலைவெண்களில் பிறழ்ந்து, கொழுப்பை அடக்கும் உத்தி பொய்க்கும். சில இடங்களில் கொழுப்பு வெள்ளையாகவே நின்று நரம்பை மறைக்கும். 1985இல் லண்டனின் பைடர், யங் இருவரும் தந்த ஸ்டிர் என்ற முறை அலைவெண்ணை நம்பாமல், கொழுப்பின் சைகை மீளும் காலத்தை வைத்து அதை அடக்குகிறது. கழுத்துப் படங்களில் அது இன்றும் நம்பகமான கருவியாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இச்சிக்கலுக்கு அடுப்படியிலிருந்தும் ஒரு தீர்வு வந்தது. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அரிசி நிரப்பிய பைகளைக் கழுத்தைச் சுற்றி வைத்தால் காந்தப் புலம் சீராகிக் கொழுப்பு நன்றாக அடங்குவதைக் காட்டினர். உலர்ந்த அரிசி தன் சைகையைப் படத்தில் பதிப்பதில்லை. அதே நேரத்தில் கழுத்துப் பள்ளத்தில் உள்ள காற்றின் இடத்தை நிரப்பிவிடுகிறது. கோடிக்கணக்கில் விலைபோகும் கருவியின் குறையை ஒரு பை அரிசி குறைத்தது.

வேறு தடைகளும் உண்டு. இதயத் துடிப்பால் தமனிகள் அதிர்கின்றன. மூச்சாலும் எச்சில் விழுங்குவதாலும் கழுத்து அசைகிறது. மெல்ல ஓடும் சிரைகள் நரம்பைப்போல் வெள்ளையாகத் தெரிந்து குழப்புகின்றன. பின்னலின் சாய்வான போக்கும் ஒரு பொறி: காந்தப் புலத்தின் திசைக்கு ஏறத்தாழ 55 பாகை சாய்ந்து ஓடும் நரம்பு, நோய் இல்லாமலே சற்றுப் பளிச்சென்று தெரியக்கூடும். காறையெலும்பு முறிவுக்குப் பொருத்திய உலோகத் தகடு இருந்தால், அதைச் சுற்றிய பகுதியே படத்தில் சிதைந்துபோகும்.

பொதுவாக எடுக்கப்படும் கழுத்து முள்ளெலும்பு எம்.ஆர்.ஐ. வேறு, நரம்புப் பின்னல் எம்.ஆர்.ஐ. வேறு என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கும் வட்டு விலகலுக்கும் எடுக்கும் முன்னது, தண்டுவடத்தையும் வேர் புறப்படும் வாயிலையும் காட்டும். தோள் வரை நீளும் நரம்புகளை அது பெரும்பாலும் காட்டாது. பின்னலுக்கு எனத் தனியாக, சாய்ந்த தளங்களில், கொழுப்பை அடக்கி எடுக்க வேண்டும். தண்டுவட உறைக்குள் உள்ள மெல்லிய வேரிழைகளைக் காட்ட, நீரை மிகப் பிரகாசமாக்கும் நுண்ணிய துண்டுப் படங்களும் அதனுடன் தேவை.

தமிழ்நாட்டின் தேவை

சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நரம்புப் பின்னல் நோயாளிகளைக் கண்ட ஆல்கிமான்டஸ் நராக்காஸ், 1985இல் ஏழு எழுபதுகள் என்ற விதியைச் சொன்னார். பின்னல் காயங்களில் 70 விழுக்காடு சாலை விபத்துகளால் நேர்பவை. அவற்றில் 70 விழுக்காடு இருசக்கர வண்டியால். அவர்களில் 70 விழுக்காட்டினருக்கு உடலில் வேறு காயங்களும் உண்டு. அவர்களில் 70 விழுக்காட்டினருக்குக் காயம் காறையெலும்புக்கு மேலே. அவர்களில் 70 விழுக்காட்டினருக்கு ஒரு வேராவது பெயர்ந்திருக்கும். அவர்களில் 70 விழுக்காட்டினருக்குப் பெயர்ந்தவை கீழ் வேர்கள். அவர்களில் 70 விழுக்காட்டினருக்கு வலி நீங்காது. ஐரோப்பாவில் பிறந்த இந்த விதி, இருசக்கர வண்டிகளின் நாடான இந்தியாவில் கூடுதல் பொருள் கொள்கிறது.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசம் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம், விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இவை அனைத்தும் உயிரைக் காக்கும் ஏற்பாடுகள். தலைக்கவசம் மூளையைக் காக்கிறது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலான நரம்பைக் காக்கும் கவசம் எதுவும் இல்லை. உயிர் பிழைத்தவரின் தலைக்காயமும் தொடை முறிவும் ஆறிய பின்புதான், தூக்க முடியாத கையைப் பற்றிய கேள்வி எழுகிறது. 48 மணி நேரக் கடிகாரம் நின்ற இடத்தில், நரம்பின் மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கும்.

கையை மீட்கும் அறுவை மரபு இம்மாநிலத்தில் வலுவானது. வேலூரில் பிராண்ட் தொடங்கிய பணி, 1970களின் தொடக்கத்தில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைப் பிரிவு, கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் மருத்துவர் எஸ். ராஜ சபாபதி வளர்த்த பிரிவு ஆகியவை நாடு முழுவதும் அறியப்பட்டவை. 1994இல் பிரான்சின் ஓபர்லின், நலமாக உள்ள முழங்கை நரம்பின் ஒரு சிறு கற்றையைப் பிரித்து முழங்கையை மடக்கும் தசையின் நரம்பில் தைக்கும் முறையை வெளியிட்டார். பக்கத்து வாய்க்காலிலிருந்து நீரைத் திருப்பும் செயல் இது. தசைக்கு மிக அருகிலேயே தைப்பதால் நரம்பு வளர வேண்டிய தூரம் வெகுவாகக் குறைகிறது. இந்தியாவின் கை அறுவை மையங்களில் இன்று இது வழக்கமான சிகிச்சை.

இத்தகைய மாற்று அறுவைகள் வந்த பிறகு படத்தின் கேள்வியும் மாறியது. கை செயல்படுமா என்று கேட்ட நிலை போய், எந்த வேர் பெயர்ந்தது, எது அறுந்தது, எது நலமாக இருக்கிறது, எதிலிருந்து கடன் வாங்கலாம் என்று கேட்கும் நிலை வந்தது. இதற்கு நரம்புப் பின்னல் எம்.ஆர்.ஐ. ஓரளவு விடை தருகிறது. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் மையங்களை நடத்துவதால், தனியார் மையத்துக்குச் செல்ல இயலாதவரும் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ள முடிகிறது. 2023இல் பெங்களூரு நிறுவனம் ஒன்று உள்நாட்டிலேயே 1.5 டெஸ்லா கருவியை உருவாக்கியதும் இந்த வரலாற்றின் ஒரு படி.

படம் சொல்லாதவை

காந்தப் படம் தீர்ப்பு அல்ல, ஒரு சாட்சி. வேர் பெயர்ந்த இடத்தில் பையாகத் தேங்கும் திரவம் வலுவான அடையாளம்தான். ஆனால் உறை மட்டும் கிழிந்து வேர் தப்பியிருக்கும்போதும் அந்தப் பை தோன்றலாம். வேர் பெயர்ந்தும் பை தோன்றாமலும் போகலாம். நரம்பின் வெளித்தோற்றம் தொடர்ச்சியாக இருந்தும் உள்ளே நாரிழைகள் அறுந்து தழும்பாகியிருக்கலாம். 1943இல் செடன் நரம்புக் காயங்களை மூவகையாகவும், 1951இல் சன்டர்லாந்து ஐந்து படிகளாகவும் பிரித்தனர். அந்த நடுப்படிகளைப் படத்தால் மட்டும் உறுதியாகப் பிரிக்க இயல்வதில்லை.

எனவே பழைய முறைகள் ஓய்ந்துவிடவில்லை. மருத்துவரின் கையும், கண்மணியைப் பார்க்கும் பார்வையும், நரம்பின் மின்னோட்டச் சோதனையும் படத்தோடு சேர்ந்தே முடிவைத் தருகின்றன. மின்னோட்டச் சோதனையில் ஒரு விந்தையான குறிப்பு உண்டு. உணர்வு நரம்பின் உயிரணு, தண்டுவடத்துக்கு வெளியே ஒரு முடிச்சில் இருக்கிறது. வேர் அந்த முடிச்சுக்கு உள்பக்கமாகப் பெயர்ந்தால், உயிரணுவோடு சேர்ந்த நாரிழை கையில் உயிரோடு இருக்கும். மின்னோட்டமும் அதில் ஓடும். ஆனால் நோயாளிக்கு அந்தக் கையில் தொடுவுணர்வு இராது. உணர்வில்லாத கையில் உணர்வு நரம்பு நன்றாக வேலை செய்கிறது என்று சோதனை சொன்னால், அது நல்ல செய்தி அல்ல. மடை பெயர்ந்ததற்கான சான்று அது.

பிரசவத்தில் கை பாதிக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு இப்படம் இன்னும் எளிதாகவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடக்க, பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். பல குழந்தைகளுக்குக் கை தானே மீள்வதால், முதல் மாதங்களில் முழங்கையை மடக்கும் தசை திரும்புகிறதா என்று கவனிப்பதே முதன்மையான வழியாக உள்ளது. தொழுநோயில் தடித்த நரம்புகளை அளக்க, குறைந்த செலவில் எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய மீயொலிக் கருவி உதவும் என்பதை ஐதராபாத் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

தொகுப்புரை

கழுத்து நரம்பை அறியும் முறைகள் விரலில் தொடங்கி, கத்திக்கும் சாயத்துக்கும் நகர்ந்து, காந்தத்தில் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு படியிலும் நோயாளி படும் துன்பம் குறைந்தது, முடிவெடுக்கும் காலம் முன்னே வந்தது. நரம்பு வளரும் வேகத்தை எந்தக் கருவியும் இதுவரை கூட்டிவிடவில்லை. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது. காந்தப் படம் தந்தது, அந்த மில்லிமீட்டர்களை எண்ணத் தொடங்கும் நாளை முன்னுக்குக் கொண்டுவரும் வாய்ப்பு. விபத்துக்குப் பின் கை தூக்க முடியாமல் இருப்பவர் எலும்பு ஆறட்டும் என்று காத்திராமல், முதல் சில வாரங்களிலேயே நரம்புக் காயத்தைக் கையாளும் மருத்துவரைக் கண்டால்தான் அந்த வாய்ப்பு பயனாகும். பயிர் கருகிய பின் மடை திறந்து பயனில்லை என்பது கண்மாய்ப் பாசனம் செய்தவர்களுக்குத் தெரிந்ததே.